சிலுவையும் நீதியும்

மயிலாப்பூர்க் கடற்கரையில் சாந்தோம் பேராலயம் நிற்கிறது. அதற்குத் தெற்கே, அடையாறு கடலோடு கலக்குமிடத்தில், பிரம்மஞான சபையின் தோட்டம் விரிந்து கிடக்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே நினைவூட்டும் பழைய வழக்கு ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். இயேசு சிலுவையில் மரித்தமையால் மனிதர் பாவத்திற்குப் பரிகாரம் உண்டாயிற்று என்பது கிறிஸ்தவர் கொள்கை. அது நீதிக்கு ஒவ்வுமா என்பதே அவ்வழக்கு.

வழக்குத் தொடுத்தவர்களுள் ஒருவர் அன்னி பெசன்ட் அம்மையார். 1847இல் இலண்டனில் பிறந்த அவர், பாதிரியார் ஒருவரின் மனைவி. 1871இல் தம் குழந்தைகள் நோயுற்று வருந்தக் கண்ட அத்தாயுள்ளம், கடவுளின் கருணையை ஐயுறத் தொடங்கியது. 1874இல் நாத்திகர் இயக்கத்தில் சேர்ந்த அவர், பரிகாரக் கொள்கையை மறுத்துச் சிறு நூல் ஒன்றும் எழுதினார். சென்னையிலும் நாத்திகர் குரல் ஒலித்தது. 1882 முதல் 1888 வரை இங்கு வெளிவந்த ‘தத்துவ விவேசினி’ என்னும் இதழ், சமயங்களைப் பகுத்தறிவின் முன் நிறுத்தி வினவியது.

குற்றவாளியை விடுத்துக் குற்றமற்றவனைத் தண்டிப்பது எந்நாட்டு நீதி? இரத்தம் கண்டு கோபம் தணிபவர் கடவுளாவரோ? பிறரொருவர் பாவத்தைத் தீர்த்துவிட்டால் மனிதன் திருந்துவானேன்? வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று வழங்கும் நம் நாட்டில் இவ்வினாக்கள் எளிதில் வேரூன்றும். நான் கிறிஸ்தவன்; ஆயினும் இவற்றை இகழேன். விடை கூறவேண்டியது நம் கடமை.

முதலில் வரலாற்றை நோக்குவோம். 1098 அளவில் ஆன்செல்ம் என்னும் பேராயர், பாவத்தைக் கடவுளின் மாட்சிக்கு நேர்ந்த கடனாகக் கண்டார். பிரபுக்கள் ஆண்ட காலத்துச் சிந்தனை அது. அவருக்குப் பின் அபெலார்டு, சிலுவையிற் கண்ட அன்பே மனிதனை மாற்றுகிறது என்றார். 16ஆம் நூற்றாண்டில் சட்டம் பயின்ற கால்வின், நீதிமன்றத்தின் மொழியிலே பேசினார். மன்னிப்பு உண்டெனில் கடனை அடைப்பானேன் என்று சோசினஸ் அந்நூற்றாண்டிலேயே எதிர்வினா எழுப்பினார். நிகேயா விசுவாச அறிக்கையோ, ‘நமக்காக’ என்று உரைத்ததன்றி, பரிகாரம் நிகழும் முறையை வரையறுக்கவில்லை. ஆகவே ஒரு விளக்கத்தை மறுப்பதனால் கொள்கையே வீழ்ந்துவிடாது.

அடுத்து, அவ்வழக்கில் மூவர் நிற்கின்றனர்: நீதிபதி, குற்றவாளி, இடையே அகப்பட்ட அப்பாவி. மூவரும் வேறு வேறானவர் எனின், நாத்திகர் கூற்றே சரி, அது கொடுமையேயாம். ஆனால் கிறிஸ்தவர் கூறுவது அதுவன்று. சிலுவையில் துன்புற்றவர் மனிதனாக வந்த கடவுளே என்பதுதான் அவர் கொள்கை. கடன் கொடுத்தவன், ஏழையின் பத்திரத்தைக் கிழித்தெறிந்தால், அந்நட்டம் மறைந்துவிடுவதில்லை. கொடுத்தவன் தலையிலேயே விழுகிறது. மெய்யான மன்னிப்பு எதுவும் இத்தகையதே. அதன் விலையை மன்னிப்பவர் தாமே தாங்குகிறார்.

இனி, மூன்றாம் வினா. லூக்கா நற்செய்தியில் வரும் சகேயு என்னும் வரி வசூலிப்போன், இயேசுவின் நட்பைப் பெற்றதும், அநியாயமாகக் கொண்டதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக உறுதி கூறினான். மன்னிப்பு அவனைச் சோம்பேறியாக்கவில்லை, கடமையை உணர்த்தியது. திருந்தாமல் மன்னிப்பை மட்டும் பேசும் கிறிஸ்தவனைக் கண்டிப்பதற்கு நாத்திகருக்கு உரிமையுண்டு.

1889இல் பிரம்மஞானத்தைத் தழுவிய பெசன்ட் அம்மையார், 1893இல் இந்தியாவுக்கு வந்தார். 1907 முதல் 1933இல் அடையாற்றில் மறையும்வரை அச்சபைக்குத் தலைவராக விளங்கினார். கிறிஸ்தவத்தின் மறைபொருள் பற்றி 1901இல் அவர் வெளியிட்ட நூலில், பரிகாரத்திற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். தண்டனைக் கருத்தை அங்கும் அவர் ஏற்கவில்லை. கிறிஸ்து மனிதரோடு ஒன்றுபடுவதையே உட்பொருளாகக் கண்டார். அவர் முடிபு முழுவதும் எனக்கு உடன்பாடன்று. எனினும் தாம் மறுத்த பொருளையே மீண்டும் எடுத்து ஆராய்ந்த அந்நேர்மை போற்றத்தக்கது.

இந்து குடும்பத்திற் பிறந்து 1903இல் ஞானஸ்நானம் பெற்ற வி. சக்கரை செட்டியார், சென்னையில் வழக்கறிஞராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் பணியாற்றி, 1941இல் நகர மேயரானவர். சிலுவையை இந்தியச் சிந்தனையோடு பொருத்தி அவர் ஆராய்ந்த நூல் 1932இல் வெளிவந்தது. மேனாட்டு நீதிமன்ற உவமையையே நாம் கட்டியழவேண்டியதில்லை என்பதற்கு அம்முயற்சி சான்று.

தமிழ் வேதாகமம் இப்பொருளை ‘ஒப்புரவாகுதல்’ என்னும் சொல்லால் குறிக்கிறது. ஒப்புரவறிதல் என்பது திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயருமாகும். பிரிந்தவர் மீண்டும் கூடுதல் என்பதே வேதாகமம் அச்சொல்லுக்குத் தரும் பொருள். மாணவ நண்பர்களே, இக்கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. எதனை ஏற்கிறோம், எதனை மறுக்கிறோம் என்பதை மட்டும் முதலில் தெளிந்துகொள்ளுங்கள்.