தீவக வீட்டுக்கு விலை என்ன? விவாகரத்தின்போது கவனிக்க வேண்டியவை

என் சாச்சியின் மகளுக்குக் காதி நீதிமன்றத்தில் விவாகரத்து முடிந்து எட்டு மாதம் சென்ற பிறகும் நயினாதீவு வீட்டுப் பிரச்சினை முடியவில்லை. காணி அவளுடைய வாப்பா நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்தது. வீடு கணவர் வெளிநாட்டில் உழைத்த காசில் எழுந்தது. கட்டிய காசைத் தந்தால் விலகிக்கொள்கிறேன் என்றார் அவர். எவ்வளவு என்பதில்தான் இரு குடும்பமும் மோதிக்கொண்டன. அந்த அலைச்சலில் நான் அறிந்துகொண்டதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துக் காணி என்பதால் தேசவழமைப்படி 'தேடிய தேட்டம்' பாதிப் பாதி என்று சொல்பவர்கள் நம்மவரிலும் உண்டு. அது தவறு. தேடிய தேட்டத்தை வகுக்கும் 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தேசவழமைக்கு உட்பட்ட தமிழருக்குரியது. நமக்குரியது 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். மஹர், தாபரிப்பு எல்லாம் காதியார் முன் பேசலாம். ஆனால் கணவன் மனைவியின் வீடு வாசலைப் பங்கிட அதில் ஏற்பாடு இல்லை. கைக்கூலி என்று அச்சட்டம் சொல்வதுகூடப் பணமும் அசையும் சொத்தும்தான். இணக்கம் வராவிட்டால் மாவட்ட நீதிமன்றப் படி ஏற வேண்டும்.

ஆகவே மதிப்பீட்டுக்கு முன் உறுதியைப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டபோது உறுதியைத் தொலைத்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி தேடலாம்.

இனி விலை. நாங்கள் இரண்டு பேரிடம் மதிப்பிட்டோம். ஒன்று மற்றதைவிட ஏறக்குறைய இருமடங்கு. யாரோ காசு வாங்கிவிட்டார் என்றே எங்கள் ஆட்கள் கொதித்தார்கள். இருவரும் சொன்னது சரிதான். கணவர் தரப்பில் வந்தவர் சதுர அடிக்கு இன்று கட்ட என்ன செலவாகும் என்று கணக்கிட்டுத் தேய்மானத்தைக் கழித்தார். எங்கள் ஆள் இதுபோன்ற வீடு என்ன விலைக்குப் போகும் என்று பார்த்தார். வேலணையிலோ ஊர்காவற்றுறையிலோ என்றால் தரைவழியாக லொறி போகும். இந்த இடைவெளி அவ்வளவு பெரிதாகாது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் சீமெந்து, கல், கம்பி எல்லாம் கடல் கடக்க வேண்டும். ஏற்றுகூலி, இறக்குகூலி, படகுக்கூலி. கட்டச் செலவு கூட, வாங்க ஆள் குறைவு!

உப்புக்காற்றில் துருப்பிடித்த கம்பியால் கொங்கிறீற் வெடித்திருக்கிறதா, கிணற்றுத் தண்ணீர் நன்னீரா உவர்நீரா என்பதையும் மதிப்பிட வருபவருக்குக் காட்டுங்கள். அயற்காணி உறுதியில் எழுதிய விலையை மட்டும் நம்ப வேண்டாம். முத்திரைத் தீர்வைக்குப் பயந்து குறைத்து எழுதும் பழக்கம் ஊரறிந்தது. ஒரு பரப்பு 10 பேர்ச் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். கொழும்பிலிருந்து வரும் உறவினர் பேர்ச் கணக்கில் பேசிக் குழப்புவார்கள்.

பட்டயம் பெற்ற ஒரே விலைமதிப்பாளரை இரு தரப்பும் சேர்ந்து அமர்த்துவதே நல்லது. காணிக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு, எந்தத் திகதி விலை, எந்த முறையில் என்பதைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

நாங்கள் கடைசியில் அப்படித்தான் செய்தோம். காணி அவளுடையது என்பதால் கணக்கில் சேரவில்லை. கட்டடத்துக்கு மட்டும், செலவுக்கும் சந்தை விலைக்கும் நடுவில் ஒரு தொகை ஒத்துக்கொண்டு, நொத்தாரிசு முன் எழுதிக் கையொப்பமிட்டார்கள். கடனை எழுதிவைக்கச் சொல்லும் பகறா 282 ஆம் வசனத்தை நினைவூட்டியது கணவரின் மூத்த சகோதரர்தான். அவள் தவணையாகக் கட்டிவருகிறாள். இன்னும் ஏழு தவணை இருக்கிறது.