நிலையான ஐலண்டா, நகரும் மேசையா? கப்பலில் தொடங்கிய ஒரு சமையலறைக் கதை

புது ஃப்ளாட்டுக்கு இன்டீரியர் வேலை ஆரம்பிச்சா இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். சமையலறை நடுவில் தரையோடு சேர்த்துக் கட்டின கிச்சன் ஐலண்ட் வேணுமா, இல்ல தேவைப்படும்போது நகர்த்திக்கிற மாதிரி ஒரு வேலை மேசை போதுமா? அழகு, பட்ஜெட் இரண்டையும் வைத்துத்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறோம். ஆனால் இந்தக் கேள்விக்குள்ளே நூற்றைம்பது வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு வாதம் இருக்கு. இந்த எபிசோடில் அதைத்தான் பேசப்போறேன்.

1869-ல் அமெரிக்காவில் கேத்தரின் பீச்சர், தன் தங்கை ஹாரியட் பீச்சர் ஸ்டோவுடன் சேர்ந்து 'தி அமெரிக்கன் வுமன்ஸ் ஹோம்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். ஹாரியட் யாருன்னா, 'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதியவர். பெரிய சமையலறையில் மாவு ஒரு மூலை, பாத்திரம் ஒரு மூலை, தண்ணீர் இன்னொரு மூலை என்று இருந்தால் நாள் முழுக்க நடந்தே கால் ஓய்ந்துவிடும். இதற்குப் பீச்சர் காட்டிய உதாரணம் நீராவிக் கப்பலின் சமையலறை. கையெட்டும் இடத்தில் எல்லாமே இருக்கிற சின்ன அறை அது. வீட்டுச் சமையலறையும் அப்படி இருக்கட்டும் என்றார்.

அதே நூற்றாண்டுக்குள் வேலை அளக்கும் மோகம் தொழிற்சாலைகளில் கிளம்பியது. 1913-ல் கிறிஸ்டின் ஃப்ரெடெரிக் 'தி நியூ ஹவுஸ்கீப்பிங்' என்ற நூலில் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தார். எத்தனை அடி நடக்கிறோம், எந்த வரிசையில் வேலை செய்கிறோம் என்று எண்ணச் சொன்னார். 1922-ல் அந்த நூல் ஜெர்மனில் வந்தது. இங்கிருந்து கதை இரண்டாகப் பிரியுது.

முதல் வழி, ஃப்ராங்க்ஃபர்ட். முதல் உலகப்போருக்குப் பிறகு அங்கே கடுமையான வீட்டுத் தட்டுப்பாடு. நகரத்தின் கட்டடத் திட்டத்தை நடத்திய எர்ன்ஸ்ட் மாய், வியன்னாவைச் சேர்ந்த மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற இளம் கட்டடக் கலைஞரை அழைத்தார். 1926-ல் அவர் வடிவமைத்த சமையலறை 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். அவருக்கு மாதிரியாக இருந்தவற்றில் ஒன்று, ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் சமையலறை. மாவுக்கு ஓக் மர இழுப்பறை, மற்ற பண்டங்களுக்குப் பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகள், சுவரிலிருந்து இறங்கும் இஸ்திரிப் பலகை, சுழலும் முக்காலி. சுமார் 10,000 வீடுகளில் இதைப் பொருத்தினார்கள். பல தொழிலாளர் குடும்பங்களுக்கு இது உண்மையான முன்னேற்றம். அதைக் குறைச்சு சொல்ல எனக்கு மனசு வரல.

ஆனா ஒன்னு கவனிங்க. கப்பலும் ரயிலும் ஓடும்போது ஆடும், குலுங்கும். அதனால்தான் அங்கே எல்லாத்தையும் ஆணி அடிச்சு நிறுத்தணும். வீடு ஆடாதே! அசைகிற வண்டிக்காகப் பிறந்த அமைப்பை அசையாத வீட்டுக்குள் வைத்தபோது, அதோடு ஒரு ஊகமும் உள்ளே வந்துவிட்டது: இங்கே சமைக்கப் போவது ஒரே ஒருவர், அதுவும் ஒரு பெண். இரண்டு பேர் சேர்ந்து நின்று சமைக்க அங்கே இடமில்லை. பழைய சாப்பாட்டு மேசையை உள்ளே போடவும் முடியாது. பின்னாளில், 1970-களில், பெண்ணியவாதிகள் கேட்ட கேள்வியும் இதுதான்: வேலையைச் சுலபமாக்கிவிட்டு, அதைச் செய்கிறவளை ஏன் தனியே அடைத்தீர்கள்?

இரண்டாவது வழி, நியூயார்க். லில்லியன் கில்பிரெத், தொழிற்சாலைகளில் உடல் அசைவுகளை ஆராய்ந்த பொறியாளர், உளவியலாளர். 1924-ல் கணவர் இறந்தபோது, வீடு நிறையப் பிள்ளைகள். பெண் பொறியாளரை வேலைக்கு அழைக்கத் தயங்கிய உலகம் அவரைச் சமையலறைப் பக்கம் தள்ளியது என்றே சொல்லலாம். 1929-ல் புரூக்ளினின் எரிவாயு நிறுவனம் ஒன்றுக்காக அவர் வடிவமைத்த 'கிச்சன் பிராக்டிகல்' காட்சிக்கு வந்தது. அடுப்பும் பலகையும் சின்ன வட்டத்துக்குள். கூடவே, சக்கரம் வைத்த ஒரு மேசை! அதில் வைத்து வெட்டலாம், பாத்திரங்களை ஏற்றிச் சாப்பாட்டு மேசைக்குத் தள்ளிப்போகலாம், திரும்பத் தொட்டிக்குக் கொண்டுவரலாம். ஸ்ட்ராபெர்ரி ஷார்ட்கேக் செய்து பார்த்த ஒரு சோதனையில், 281 காலடி நடக்க வேண்டிய வேலை 45 காலடியாகக் குறைந்தது.

இரண்டு பெண்களும் எண்ணியது ஒரே காலடியைத்தான். ஒருவர் அறையையே வேலைக்கு ஏற்ற அச்சாக வார்த்தார். இன்னொருவர் ஒரு மேசையை மட்டுமாவது அவிழ்த்துவிட்டார்.

அப்போ ஐலண்ட் எங்கிருந்து வந்தது? இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்க வீடுகளில் சமையலறைச் சுவர் மெல்ல விழுந்தது. சமைக்கிறவர் சுவரைப் பார்க்காமல் வீட்டாரைப் பார்த்து நிற்க, நடுவில் ஒரு மேடை வந்தது. ஃப்ராங்க்ஃபர்ட்டின் தனிமைக்கு அது ஒரு நல்ல பதில்தான். ஆனால் விலை, இடம். ஐலண்டைச் சுற்றி ஒருவர் வேலை செய்யவே மூன்றரை அடி வேணும் என்பது அங்கே வழக்கமான கணக்கு. ஐலண்ட் 2 அடி, இரண்டு பக்கமும் வழி 7 அடி, இரு சுவரோரமும் மேடை 4 அடி. மொத்தம் 13 அடி அகலம். மேலே சொன்ன ஃப்ராங்க்ஃபர்ட் சமையலறை ஆறடிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

என் முடிவு இது. தண்ணிக் குழாயும் கேஸும் தேவைப்படுகிற இடம் நிலையாக நிற்கட்டும். நறுக்குகிற, பிசைகிற, பரிமாறுகிற பலகை நகரட்டும். ஏன்னா இன்னைக்கு ஒருத்தர் சமைக்கிற வீட்டில் நாளைக்கு மூணு பேர் நிற்கலாம். முதுகு வலி வந்த ஒருவர் உட்கார்ந்து நறுக்க விரும்பலாம். நீங்க வீடு மாறலாம். கல்லும் சிமெண்டும் போட்ட பிறகு இது எதற்கும் அது வளைந்து கொடுக்காது.

ஐலண்ட்தான் வேணும்னா தப்பே இல்லை. முதல்ல அதே அளவு மேசையை அதே இடத்தில் ரெண்டு மாசம் போட்டுப் பாருங்க. வீட்டில் எல்லாரும் அதைச் சுற்றி வந்து நிற்கிறாங்களா, இல்ல இடிச்சுக்கிட்டுப் போறாங்களான்னு கவனிங்க. அப்புறம் கொத்தனாரைக் கூப்பிடுங்க.