1978: வெரோனாவும் பிளஸ் டூ இங்கிலீஷும்

பதிவு கொஞ்சம் நீளம். ஷிப்ட்டில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் ஒருவர், இப்போது எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், போன வாரம் போனில் கேட்டார்: "ஏனுங்க சார், பிளஸ் டூவுல எங்களுக்கு ஷேக்ஸ்பியரும் வேர்ட்ஸ்வொர்த்தும் எதுக்குங்க? பையருக்கு ஒழுங்கா ஒரு மெயில் எழுதச் சொல்லிக் குடுத்திருந்தாப் போதாதுங்களா?" நியாயமான கேள்விதான். முப்பது வருஷம் அதே பாடத்தை எடுத்தவனிடம் கேட்டால் ஒரு வரியில் பதில் வருமா?

இங்கிலாந்துக்காரன் தன் ஊரில் படித்ததையே நமக்கும் வைத்தான் என்றுதான் பலரும் நினைக்கிறோம். காலக்கணக்கைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. 1813 சாசனச் சட்டப்படி கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவில் கல்விக்கென்று வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்க வேண்டி வந்தது. 1835-இல் மெக்காலே தன் குறிப்பை எழுதினார். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியத்துக்கு என்று தனிப் பட்டப்படிப்பு வந்ததோ 1894-இல்தான். கேம்பிரிட்ஜில் 1917. அதுவரை அங்கே பெரிய படிப்பு என்றால் கிரேக்கமும் லத்தீனும்தான். கௌரி விஸ்வநாதன் 1989-இல் வெளிவந்த 'மாஸ்க்ஸ் ஆஃப் கான்குவெஸ்ட்' என்ற நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். மதத்தை நேரடியாகப் போதிக்கத் தயங்கிய ஆட்சி, இலக்கியத்தை வைத்து நம்மை நல்லவர்களாக்கப் பார்த்தது என்பது அவர் வாதம். "இப்பாடம் நமக்கு உணர்த்தும் கருத்து யாது?" என்று வருஷா வருஷம் வினாத்தாளில் வந்ததே, அதன் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் பாடம் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குள் வந்தது ரொம்பப் பிந்தி. என் தலைமுறைக்காரர்களுக்குத் தெரியும்: பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி., அப்புறம் பி.யூ.சி. என்று காலேஜில் ஒரு வருஷம். மூத்த அண்ணன்மார் காலத்தில் அதற்குக் கோயமுத்தூர் பஸ் ஏற வேண்டும். 1966-இல் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி வந்த பிறகுதான் திருப்பூரிலேயே படிக்க முடிந்தது. 1978-இல் பி.யூ.சி. போய் மேல்நிலை வகுப்பு வந்தது. முதல் பிளஸ் டூ பரீட்சை 1980-இல். காலேஜில் இருந்த கவிதையும் நாடகமும் அப்படியே நம் நஞ்சப்பா பள்ளிக்கும் ஜெய்வாபாய் பள்ளிக்கும் இறங்கி வந்துவிட்டன. காலேஜுக்கு அனுப்ப யோசித்த வீடுகள்கூட, "பள்ளிக்கூடந்தானே" என்று பெண் பிள்ளைகளை இன்னும் இரண்டு வருஷம் விட்டார்கள். இந்த மாற்றத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

அதே 1978-இல் இன்னொன்றும் நடந்தது. அதுவரை காதர்பேட்டையில் தைத்த பனியன் உள்நாட்டு வியாபாரத்துக்குத்தான். அந்த வருஷம் பம்பாய் ஏற்றுமதியாளர்கள் மூலமாக இத்தாலியிலிருந்து ஒரு இறக்குமதியாளர் வெள்ளை டி-சர்ட் தேடி வந்தார். பெயர் வெரோனா. நம் ஊர் ஏற்றுமதிக் கதையை யார் சொன்னாலும் அவரிடமிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

ஆக, பிளஸ் டூவும் எக்ஸ்போர்ட்டும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். இரண்டும் இழுத்தது அதே பதினைந்து, பதினாறு, பதினேழு வயதுக்காரர்களை. பிசிறு வெட்ட, கை மடிக்க, அடுக்கிக் கட்ட எல்லாவற்றுக்கும் ஆள் தேவை. சனிக்கிழமை ஆனால் கையில் சம்பளம். கவிதையின் பலனோ எந்தக் கிழமையிலும் வராது. ஜூன் மாதம் நிறைந்திருக்கும் வகுப்பில் தீபாவளி ஆர்டர் முடிந்த பிறகு எத்தனை பெஞ்ச் காலி என்று எண்ணியவர்களுக்குத் தெரியும்.

மிச்சம் இருந்தவர்களுக்கு நாங்கள் என்ன கொடுத்தோம்? இ.ஆர்.சி. என்று ஒன்று உண்டே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு வரியைக் கொடுத்து, யார் எழுதியது, எந்த இடத்தில் வருகிறது, விளக்குக. கவிஞர் பெயர் எழுதினால் அதற்கு ஒரு மார்க். 'லைக்', 'ஆஸ்' வந்தால் சிமிலி, வராவிட்டால் மெட்டஃபர். இது ஆசிரியர்களின் சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்ஜினியரிங் கட்-ஆஃப் மார்க்கில் கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டும்தான். அப்போது 1200-க்கு 200 இங்கிலீஷ் என்றிருந்தாலும், சீட் வாங்க அது உதவவில்லை. 35 சதவீதம் எடுத்துப் பாஸானால் போதும் என்றால் எந்த வீட்டில் கவிதை படிக்கச் சொல்வார்கள்? தமிழ்வழியில் படித்துவந்த பிள்ளைக்கு அந்த 70 மார்க்கே மலை. மனப்பாடம்தான் அவனைக் கரை சேர்த்தது.

மெர்ச்சண்டைசர் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடிதம் எழுதுவது இரண்டாம் தாளில் இருந்தது கண்ணு. அதையும் நீ மனப்பாடம்தான் செய்தாய். ஆனால் மெஷர்மென்ட் சார்ட்டும், பையர் கோபமாக அனுப்பிய மெயிலும் ஆறே மாதத்தில் உனக்கு அந்த இங்கிலீஷைக் கற்றுக்கொடுத்துவிட்டன. வேலைக்குத் தேவையான மொழியை வேலை கொடுத்துவிடுகிறது. கதையையும் கவிதையையும் எந்தக் கம்பெனியும் கொடுக்காது. நம் ஊரில் பெரும்பாலானவர்கள் வாழ்க்கையில் ஆங்கில இலக்கியம் என்று தொட்டது அந்த இரண்டே வருஷம்.

2019-இல் பன்னிரண்டாம் வகுப்புக்குப் புதுப் புத்தகம் வந்தது. முதல் பாடத்தைப் பிரித்தால் 'டூ ஜென்டில்மென் ஆஃப் வெரோனா'! பனியன் ஊர்க்காரனுக்குச் சிரிப்பு வராதா? ஏ.ஜே. குரோனின் எழுதிய கதை. போருக்குப் பிந்தைய இத்தாலியில் நிக்கோலா, ஜாக்கோபோ என்று இரண்டு சின்னப் பையன்கள். ஷூ பாலிஷ் போடுகிறார்கள், பழம் விற்கிறார்கள், ராத்திரி வரை பேப்பர் விற்கிறார்கள். சம்பாதிப்பதெல்லாம் முதுகெலும்புக் காசநோயோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும் அக்கா லூசியாவுக்காக. அதை அவர்களாக யாரிடமும் சொல்வதில்லை.

ஓய்வுக்கு முன் அந்தப் பாடத்தை எடுத்தேன். கைடில் விடை தயார்: தன்னலமற்ற அன்பு, தியாகம், மனித குலத்துக்கு நம்பிக்கை. அதை எழுதிப் போட்டுவிட்டு, "வேறு யாருக்காவது ஏதாவது தோணுதா?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன். வாயே திறக்க மாட்டான். எழுந்து தமிழில் சொன்னான்: "அவிங்க வேலைக்குப் போறத ஆருகிட்டயும் சொல்லுலீங்க சார். நானுஞ் சொல்லமாட்டனுங்." சனி, ஞாயிறு பவர் டேபிளில் வேலை செய்கிறான் என்பது வகுப்புக்கு அன்றுதான் தெரியும். அப்புறம் ஒரு பெண் கேட்டாள்: "அப்ப அந்தப் பசங்க எப்பத்தான் சார் பள்ளிக்கூடம் போவாங்க?" கதையில் அதற்குப் பதில் இல்லை. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. என் சர்வீஸில் அப்படி ஐந்தாறு வகுப்பு தேறினால் அதிகம்.

அதே புத்தகத்தில் 'த சேர்' என்று ஒரு பாடம். நம் கி. ராஜநாராயணனின் 'நாற்காலி'தான், ஆங்கில மொழிபெயர்ப்பில். வீட்டுக்கு ஆசையாகச் செய்துபோட்ட நாற்காலியை, செத்தவரை உட்கார வைக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். திரும்பி வந்த பிறகு அதில் உட்கார எல்லோருக்கும் பயம். கரிசல்காட்டுக் கதையைத் திருப்பூர்ப் பிள்ளை ஆங்கிலத்தில் படித்து, அதற்குத் தமிழில் நோட்ஸ் வாங்குகிறது! மெக்காலே இருந்திருந்தால் தலை சுற்றியிருக்கும்.

சொந்தத்தில் யார் வீட்டிலாவது பிளஸ் டூ பிள்ளை இருந்தால், அந்தப் பாடம் நடத்துவதற்கு முன்னால் கி.ரா.வின் தமிழ்க் கதையை வாங்கிக் கொடுங்கள். ஒரே மூச்சில் படித்துவிடலாம். புத்தகம் கிடைக்காவிட்டால் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளலாம். திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான்.