தாது வருஷத்துக் கால்வாய்

எங்கள் பாலவாக்கத்துக்கு மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய் கிடக்கிறது. 'ஓடுகிறது' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கிழக்கே கடல், மேற்கே கால்வாய். நடுவில், கோடை வந்தால் தண்ணீர் லாரியை எதிர்பார்த்து நிற்கும் நாங்கள்.

இதே கால்வாயோடு வடக்கே போனால், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் 8 கிலோமீட்டர்த் துண்டு வரும். 1877-78-ல், தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலையாக வெட்டப்பட்டது அது. மழை பொய்த்துப் பட்டினி கிடந்தவர்கள், படகு போக நீர்வழி வெட்டினார்கள்!

நிவாரண வேலைக்கு என்ன கூலி கொடுப்பது? அதில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. வைசிராய் லிட்டன் பிரபு, ஸர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற துரையைச் சென்னை ராஜதானிக்கு அனுப்பிவைத்தார். இந்த டெம்பிள்தான் 1874-ல் பீகார்ப் பஞ்சத்தின்போது பர்மா அரிசியைத் தருவித்து ஜனங்களைக் காப்பாற்றியவர். அதற்குக் கிடைத்த பரிசு, ஊதாரி என்ற வசவு. சூடு கண்ட பூனையல்லவா? இங்கே வந்ததும், ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இன்னும் குறைவு. மண் சுமக்கிறவனுக்கு அது போதாது என்று சண்டை பிடித்தார் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ். ஒன்றரைப் பவுண்டு தானியம், அதோடு பருப்பு, காய்கறி என்பது அவர் கட்சி. 1877 மார்ச்சில் சென்னை சர்க்கார் பாதி வழி இறங்கி வந்து, ஒன்றேகால் பவுண்டும் கொஞ்சம் பருப்பும் அளந்தது. கால் பவுண்டு என்றால் இரண்டு பிடி அரிசி. அந்த இரண்டு பிடிக்குத்தான் இத்தனை வாதம்!

தென்னாட்டில் அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் அதிகம் என்கிறார்கள். அதே ஆண்டுகளில் வட சீனத்திலும் பிரேசிலின் வடகிழக்கிலும் வானம் பொய்த்து, லட்சக்கணக்கில் மடிந்தார்கள். கால்வாய்க்கு மட்டும் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கிடைத்தது.

மயிலாப்பூரில் அந்தப் பஞ்சத் துண்டுக்குள்தான் பறக்கும் ரயிலின் தூண்கள் இறங்கியிருக்கின்றன. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டு, அடையாறு வீடுகளுக்குள் புகுந்தபோது, குறுகிப்போன இந்தக் கால்வாயால் என்ன உதவி செய்ய முடியும்?

நாலே வருஷம். 2019 ஜூலை 12-ந் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் குடிநீரோடு ஒரு ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. எங்கள் தெருவில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என்னிடம் கேட்டாள்:

"ரயில்லே தண்ணி வந்திடுச்சாமே சாமி, நம்ம லாரி எப்போ வரும்?"