சிறுத்தை முதலில் ஒரு தேர்தல் சின்னம்

மதுரையில் சிறுத்தை என்ற சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. மேலூரிலிருந்து உசிலம்பட்டி வரை சுவர்களிலும் கொடிமேடைகளிலும் அந்தப் பெயர் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மாணவர்கள் பலரும் சரியாகவே சொல்கிறார்கள்: அமெரிக்காவின் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து பம்பாய்க்கு, பம்பாயிலிருந்து மதுரைக்கு. உடனே மனதில் வரும் படமும் ஒன்றுதான். கறுப்புத் தோல் சட்டை, சாய்த்து வைத்த தொப்பி, கையில் துப்பாக்கி.

அந்தப் படம் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரத்துக்குச் சொந்தமானது. சிறுத்தை அதற்கு முன்பே வேறொரு இடத்தில் பிறந்துவிட்டது. பருத்தி விளையும் ஒரு கிராமப்புறத்தில், வாக்குச்சீட்டில் அச்சிட ஒரு சின்னம் தேவைப்பட்டபோது அது பிறந்தது. இந்தக் கதை நமக்கு ஏன் முக்கியம் என்பதை மேலவளவு தெரிந்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

லவுண்ட்ஸ்: ஒரு பருத்திக்காட்டு மாவட்டம்

அலபாமா மாநிலத்தில் செல்மாவுக்கும் மாண்ட்கோமரிக்கும் நடுவே இருக்கிறது லவுண்ட்ஸ் மாவட்டம். 1960களில் அங்கே ஐந்தில் நான்கு பேர் கறுப்பின மக்கள். ஆனால் 1965 தொடக்கத்தில் வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. நிலம் வெள்ளையர் கையில், கறுப்பர்கள் குத்தகைக்காரர்கள், கூலிகள். பெயரைப் பதியப் போனவர்களை நிலவுடைமையாளர்கள் வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். அந்தக் குடும்பங்கள் சாலையோரத்தில் கூடாரம் போட்டுத் தங்கின. 1965 ஆகஸ்டில் ஜோனதன் டேனியல்ஸ் என்ற வெள்ளையின இறையியல் மாணவர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு சுட்டவரை விடுதலை செய்தது.

ஸ்டோக்லி கார்மைக்கேல் உள்ளிட்ட மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவினர் அங்கே போய்த் தங்கி, உள்ளூர் மக்களோடு வேலை செய்தார்கள். அவர்களது ஆய்வுப் பிரிவு அலபாமாவின் சட்டப் புத்தகங்களைப் புரட்டி, ஒரு மாவட்டத்துக்குள் மட்டும் தனிக் கட்சி தொடங்கலாம் என்ற விதியைக் கண்டெடுத்தது. அந்த விதியை வைத்து உருவானதுதான் லவுண்ட்ஸ் மாவட்ட விடுதலை அமைப்பு.

எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளர்களுக்காக அங்கேயும் கட்சிகளுக்குச் சின்னம் உண்டு. ஆளும் ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். அதனுடன் வெள்ளையர் மேலாதிக்கம் என்ற வாசகத்தையே அச்சிட்டிருந்தார்கள். சேவலுக்கு எதிராக மக்கள் நிறுத்திய சின்னம் கருஞ்சிறுத்தை.

அடுத்து அவர்கள் செய்ததை நாம் நின்று கவனிக்க வேண்டும். ஷெரிப்பின் வேலை என்ன, வரி மதிப்பீட்டாளரின் வேலை என்ன, அந்தப் பதவி நல்லவர் கையில் இருந்தால் என்ன மாறும் என்பதையெல்லாம் படக்கதைப் புத்தகங்களாகப் போட்டு வீடு வீடாகக் கொடுத்தார்கள். யாருக்கு ஓட்டு என்று சொல்வதற்கு முன்பே, பதவி என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

1966 நவம்பர் தேர்தலில் அவர்கள் வேட்பாளர்கள் எல்லோரும் தோற்றார்கள். அமைப்பு கலைந்துவிடவில்லை. 1970இல் அந்த இயக்கத்தின் தலைவர் ஜான் ஹ்யூலெட் அதே மாவட்டத்தின் ஷெரிப் ஆனார்.

ஓக்லாந்து, பம்பாய், மதுரை

1966 அக்டோபரில் ஓக்லாந்தில் ஹ்யூயி நியூட்டனும் பாபி சீலும் கட்சி தொடங்கியபோது லவுண்ட்ஸின் சிறுத்தையை எடுத்துக்கொண்டார்கள். வேலையை மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் ஊரில் ஓட்டுரிமை இருந்தது, போலீஸ் வன்முறைதான் அன்றாடப் பிரச்சினை. எனவே துப்பாக்கியோடு சட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போலீசைக் கண்காணித்தார்கள். 1969 முதல் பள்ளிக் குழந்தைகளுக்கு இலவசக் காலை உணவு கொடுத்தார்கள்.

1972இல் பம்பாயில் நாம்தேவ் தசால், ராஜா தாலே, ஜெ.வி. பவார் போன்ற இளம் எழுத்தாளர்கள் தலித் சிறுத்தைகள் இயக்கத்தைத் தொடங்கினார்கள். பெயர் அமெரிக்காவிலிருந்து வந்தது. கோபத்துக்கான காரணங்களில் ஒன்று தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் எழுதியது. தீண்டாமை குறித்து ஆராய ஒன்றிய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராக இருந்தவர் காட்டுமன்னார்கோயில் பகுதியைச் சேர்ந்த எல். இளையபெருமாள். 1969இல் அவர் கொடுத்த அறிக்கை நாடு முழுவதும் நடந்த வன்கொடுமைகளை வரிசையாகப் பதிவு செய்தது. அதற்குச் சற்று முன்புதான், 1968 டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டிருந்தார்கள். பம்பாய் இளைஞர்களை உலுக்கியவற்றில் அந்த அறிக்கையும் ஒன்று. ஆகவே சிறுத்தையை நாம் வெளியிலிருந்து பெற்றுக்கொண்டோம் என்று மட்டும் சொல்வது பாதிக் கதைதான். அதற்கு நாமும் தீனி போட்டிருக்கிறோம்.

1982இல் மதுரையில் வழக்கறிஞர் மலைச்சாமி பாரதிய தலித் சிறுத்தைகளின் தமிழகக் கிளையைத் தொடங்கினார். 1989இல் அவர் இறந்தபின், மதுரை தடய அறிவியல் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தொல். திருமாவளவன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பெயர் விடுதலைச் சிறுத்தைகள் ஆனது. 1999 வரை இயக்கம் தேர்தலைப் புறக்கணித்தது. சேரிக்குள் நுழையும் போலீஸ், கட்டப் பஞ்சாயத்து, இரட்டைக் குவளை, இவற்றுக்கு முன் அன்றைய கட்சிகள் காட்டிய மௌனம் எல்லாம் சேர்ந்த முடிவு அது.

மேலவளவு: பதவிக்குக் கொடுத்த விலை

ஆனால் அதே ஆண்டுகளில் மதுரைச் சமவெளியில் வாக்குச்சீட்டே போர்க்களமானது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 1996இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் மேலூர் வட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டல் வந்தது, வீடுகள் எரிந்தன, வேட்புமனுக்கள் திரும்பப் பெறப்பட்டன. மறுபடி தேர்தல் வைத்தபோது வாக்குப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைசியில் ஆண்டின் இறுதி நாளில் நடந்த வாக்குப்பதிவில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்த் திரும்பும் வழியில், ஓடும் பேருந்தை நிறுத்தி, முருகேசன், துணைத் தலைவர் மூக்கன், ராஜா, செல்லத்துரை, சேவகமூர்த்தி, பூபதி ஆகிய ஆறு பேரையும் வெட்டிக் கொன்றார்கள்.

பாப்பாபட்டி, கீரிபட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் வேறு வழி கையாளப்பட்டது. மனுத் தாக்கல் செய்ய ஆள் வரவிடவில்லை. வந்தால், ஊர் நிறுத்திய ஒருவர் ஜெயித்த கையோடு ராஜினாமா செய்தார். பத்தாண்டுகள் இப்படியே போயின. 2006இல்தான், உதயச்சந்திரன் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அங்கே தலைவர்கள் பதவியில் அமர்ந்தார்கள்.

லவுண்ட்ஸும் மேலவளவும் ஒன்றல்ல. லவுண்ட்ஸில் கறுப்பர்கள் பெரும்பான்மை. எல்லோரும் பெயரைப் பதிந்து, பயமின்றி ஓட்டுப் போட்டால் எண்ணிக்கையே வென்றுவிடும். நம் ஊர்களில் நாம் பெரும்பாலும் சிறுபான்மை. இட ஒதுக்கீடு நாற்காலியைத் தருகிறது, அதில் உட்காரும் பாதுகாப்பைத் தருவதில்லை. அங்கே ஷெரிப் பதவி கையில் வந்தால் போலீஸ் கையில் வருகிறது. இங்கே ஊராட்சித் தலைவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. காசோலையில் துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்ற ஒரு விதியை வைத்தே ஆதிக்கச் சாதித் துணைத் தலைவர் ஒருவர் முழு ஊராட்சியையும் முடக்கிவிடலாம். இந்த வேறுபாடுகளைக் கணக்கில் எடுக்காமல் வெளிநாட்டுப் போராட்ட முறையை அப்படியே கொண்டுவந்தால், அடி வாங்கப் போவது கிராமத்தில் இருக்கும் குடும்பம்தான்.

எதைக் கற்றுக்கொள்வது?

மதுரை சுற்றுவட்டாரப் பயிற்சி வகுப்புகளில் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: இயக்கங்களிடமிருந்து முழக்கத்தை எடுப்பது சுலபம், வேலை செய்யும் முறையை எடுங்கள். லவுண்ட்ஸிலிருந்து மூன்று வேலைகளை எடுக்கலாம்.

முதலாவது, சட்டத்தைத் தோண்டுவது. லவுண்ட்ஸின் கட்சியே ஒரு விதியிலிருந்து பிறந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 நம்மில் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது? கிராம சபையின் அதிகாரம், தீர்மானப் பதிவேடு, தலைவரை நீக்கும் நடைமுறை இவற்றைத் தெரியாமல் போகிறவரை ஊராட்சிச் செயலாளரே ஏமாற்றிவிட முடியும்.

இரண்டாவது, பதவியைப் பற்றி மக்களுக்குச் சொல்வது. நம் தலைவர் தரையில் உட்கார வைக்கப்படுகிறார், கொடியேற்ற விடப்படவில்லை என்பது செய்தியாகிறது. அவர் கையெழுத்தில் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வர வேண்டும் என்பதைச் சேரியில் உள்ள அத்தனை பேரும் தெரிந்திருந்தால், அந்தக் கையெழுத்தைத் தடுப்பது அவ்வளவு எளிதல்ல.

மூன்றாவது, சாட்சிகளைக் காப்பது. டேனியல்ஸ் வழக்கு உள்ளூரிலேயே நடந்தது, கொன்றவர் வீடு திரும்பினார். மேலவளவு வழக்கு சேலம் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மிரட்டலைத் தாங்கிச் சாட்சி சொன்ன மக்களும், மதுரை வழக்கறிஞர் பொ. இரத்தினம் போன்றோரின் இடைவிடாத வேலையும் இல்லாமல் இது நடந்திருக்காது. 1999இல் வந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கையில் மேலவளவு இடம்பெற்றதும் களத்தில் மக்கள் தந்த வாக்குமூலங்களால்தான். உலகம் நம்மிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இதில் இருக்கிறது.

பாடம் முடியவும் இல்லை. தண்டனை பெற்றவர்களில் மூவர் 2008இலும் 13 பேர் 2019 நவம்பரிலும் தண்டனைக் காலம் முடியும் முன்பே விடுவிக்கப்பட்டார்கள். தீர்ப்பு வாங்கிய பிறகும் வழக்கைப் பின்தொடர ஆள் வேண்டும் என்பதை எந்த நாட்டுப் புத்தகமும் நமக்குச் சொல்லவில்லை. மேலவளவுதான் சொன்னது.

தோழர்களே, அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஒன்றியத்தில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள் எவை என்று பட்டியல் எடுங்கள். அங்கே தலைவராக இருந்தவர்களை நேரில் பார்த்து, காசோலைப் புத்தகமும் அலுவலகச் சாவியும் யாரிடம் இருந்தன என்று கேட்டு எழுதுங்கள். லவுண்ட்ஸின் இளைஞர்களும் இப்படி ஒரு நோட்டுப் புத்தகத்தோடுதான் கிராமத்துக்குப் போனார்கள்.