முற்றத்தை மீட்டெடுப்போம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்று எழும் புதிய வீடுகள் பலவற்றைச் சுற்றி ஓரளவு நிலம் எஞ்சுகிறது. சேறும் குப்பையும் வேண்டாம் என்று அந்நிலம் முழுவதற்கும் சிமெண்டுத் தளம் இட்டுவிடுகிறோம். பார்வைக்குத் துப்புரவாகத்தான் இருக்கிறது. ஆனால் காலை பத்து மணிக்கு மேல் அங்கே எவரும் கால் வைப்பதில்லை; பகலில் குடித்த வெப்பத்தை அத்தளம் இரவில் உமிழ்கிறது. இடம் இருந்தும் பெரியவர்களும் பிள்ளைகளும் அறைகளுக்குள் அடைபடுகின்றனர். திறந்த வெளியை வாழும் இடமாக்கும் முறையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அதை நாம் மறந்துவிட்டோம்.

திருமயம் வட்டத்திலுள்ள ராயவரம், கடியாபட்டி போன்ற நகரத்தார் ஊர்களின் பழைய வீடுகள் இதற்குச் சான்று. தெருவை ஒட்டித் திண்ணை. உள்ளே வானம் பார்த்த முற்றம். அதைச் சூழத் தூண்கள் தாங்கும் தாழ்வாரம். அப்பால் இரண்டாம் கட்டும் சமையற்கட்டும். முற்றத்தில் சூடேறிய காற்று மேலெழும்ப, நிழலிலிருந்து குளிர்ந்த காற்று அவ்விடத்தை நிரப்பும். உள்நோக்கிச் சரிந்த ஓட்டுக் கூரை மழைநீரை முற்றத்துக்கே கொண்டுவந்து சேர்க்கும். அதை அண்டாக்களில் பிடித்து வைப்பர். கடியாபட்டியின் சிதம்பர விலாஸ் மாளிகை இப்போது விடுதியாக நடைபெறுகிறது. வெளியூரார் பணம் கொடுத்து வந்து அமரும் அத்தகைய முற்றத்தைத்தான் நாம் தகரம் வேய்ந்து மூடினோம்.

நமது மார்க்க வரலாற்றிலும் திறந்த வெளிக்குத் தனி இடம் உண்டு. கி.பி. 622-இல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் எழுப்பிய பள்ளிவாசல், பெரும்பகுதி திறந்த முற்றமாகவே இருந்தது. பேரீச்ச மரத் தண்டுகள் தூண்களாயின, ஓலையே கூரை. ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டில் கிப்லா மக்காவை நோக்கி மாறியபோது, வடபுறத்து நிழற்பந்தல் வீடற்ற தோழர்களின் உறைவிடமாயிற்று. அதுவே ஸுஃப்பா. அபூஹுரைரா (ரலி) அவர்கள் அங்கே தங்கிக் கல்வி பெற்றவர்களுள் ஒருவர். ஓலை நிழல் ஒன்றே வெறும் வெளியை வீடாகவும் கல்விக்கூடமாகவும் ஆக்கிற்று. அப்பள்ளிவாசலுக்கு எதிரே அபூதல்ஹா (ரலி) அவர்களின் பைருஹா தோட்டம் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அங்கு சென்று அதன் நன்னீரைப் பருகுவது வழக்கம். தமக்கு மிக விருப்பமான அத்தோட்டத்தையே அத்தோழர் பின்னர் அறமாக ஈந்தார்.

இம்மரபு ஸ்பெயின் வரை சென்றது. கொர்தோபா பெரிய பள்ளிவாசலின் முற்றத்தை இன்றும் ஆரஞ்சு மர முற்றம் என்றே அழைக்கின்றனர். கிரனாடாவின் அல்ஹம்ரா அரண்மனையில் பதினான்காம் நூற்றாண்டில் ஐந்தாம் முஹம்மது அமைத்த சிங்க முற்றம் உலகப் புகழ் பெற்றது. கட்டடக் கலைஞர்கள் இன்று வழங்கும் 'பேட்டியோ' என்ற சொல்லும் ஸ்பானிய மொழியினது. கொர்தோபா வீடுகளின் பூமுற்ற விழாவை யுனெஸ்கோ 2012-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நம் மாவட்டத்துக்கு 2018 நவம்பர் 16 மறக்கவியலாத நாள். கஜா புயலில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தலைமுறைகள் வளர்த்த நிழல் ஒரே இரவில் போயிற்று. மரம் நின்ற இடத்தில் மீண்டும் கன்று வைப்பதா, தளம் இடுவதா என்பதே பல வீடுகளின் முன் நிற்கும் கேள்வி. ஒரு முஸ்லிம் நட்ட மரத்தில் மனிதரோ பறவையோ கால்நடையோ உண்பது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்ற நபிமொழிக் கருத்தை அறிந்த நமக்கு விடை கடினமன்று.

பெரிய முற்றமுடையோர் அதனை மூன்றாகப் பகுக்கலாம். முன்பகுதி திண்ணைக்குரியது: நீண்ட கல் இருக்கையும் ஒரு வேம்பும் போதும். தெருவோரம் அமர்வோர் பார்வையைத் தாழ்த்தவும், ஸலாமுக்குப் பதிலுரைக்கவும், பிறருக்குத் தொல்லை தராதிருக்கவும் வேண்டும் என்ற நபிவழி, திண்ணைக்கும் பொருந்தும். நடுப்பகுதி குடும்பத்துக்குரியது: முல்லைப் பந்தலும் மருதாணி வேலியும் தெருவின் பார்வையை மறைத்தால், பெண்கள் தயக்கமின்றி அங்கே மாலைப்பொழுதைக் கழிக்கலாம், ரமளானில் நோன்பு திறக்கும் விரிப்பையும் அங்கேயே விரிக்கலாம். பின்பகுதி முருங்கைக்கும் எலுமிச்சைக்கும் உரியது. ஒளூச் செய்த நீரை அவற்றுக்குப் பாய்ச்சலாம். நடைபாதையில் கற்களை இடைவெளி விட்டுப் பதித்தால் மழைநீர் மண்ணில் இறங்கும். எஞ்சும் நீர் அண்டை வீட்டாரின் சுவரை நனைக்காமல் உறிஞ்சுகுழியைச் சேரட்டும். தமிழகத்தில் 2003 முதலே மழைநீர் சேகரிப்பு கட்டாயம்.

இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. செயற்கை அருவியும் இறக்குமதி நாற்காலிகளும் நம் வெயிலையும் தாங்கா, வீண்விரயத்தைக் கண்டிக்கும் மார்க்கத்துக்கும் ஒவ்வா. நிழலும் நீரும் மறைவும் இருந்தால் முற்றம் தானே மனிதரை அழைக்கும். அஸர் தொழுகைக்குப் பின் பாட்டனாரும் பேரப்பிள்ளைகளும் அமர ஓர் இடம் இருந்தால், அவர் அறிந்த கதைகளும் அவரோடு மறையாமல் பிள்ளைகளிடம் தங்கும், இன்ஷா அல்லாஹ்.