நாடாப்புழு நீர்க்கட்டி நோய்க்கான குருதிச் சோதனைகள்

நாடாப்புழு நீர்க்கட்டி நோய் அல்லது சிஸ்டிசெர்க்கோசிசு என்பது டீனியா சோலியம் என்னும் பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் மனிதரின் தசை, கண், மூளை ஆகியவற்றில் நீர்க்கட்டியாகத் தங்குவதால் ஏற்படும் நோயாகும். மூளையில் தங்கினால் வலிப்பு வரலாம். நன்கு வேகாத பன்றி இறைச்சியை உண்பவரின் குடலில் வளர்வது முழுப்புழுவே. நீர்க்கட்டி தோன்றுவதோ, புழுவுள்ள ஒருவரின் மலத்திலுள்ள முட்டைகள் உணவு, நீர் அல்லது கைகள் வழியாக வாயினுள் செல்வதால் ஆகும். எனவே சைவ உணவு உண்போருக்கும் இந்நோய் வருகிறது.

சோதனை முறைகள்

புழுவுக்கு எதிராக உடல் உருவாக்கும் பிறபொருளெதிரிகளைக் கண்டறிவதே பழைய முறை. புழுவின் தூய்மைப்படுத்தாத சாற்றைக் கொண்டு செய்யப்படும் எலைசா சோதனை, பிற நாடாப்புழுத் தொற்று உள்ளவர்களிலும் நேர்முடிவு காட்டக்கூடும். இக்குறையை நீக்க, ஏழு கிளைக்கோபுரதங்களைப் பயன்படுத்தும் வெஸ்டர்ன் பிளாட் வகைச் சோதனையை அமெரிக்க ஆய்வாளர்கள் 1989 இல் வெளியிட்டனர். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட உயிருள்ள கட்டிகள் மூளையில் இருப்பின் இது பெரும்பாலும் தவறுவதில்லை. குருதி நீரே போதுமானது. முதுகில் ஊசியிட்டுத் தண்டுவட நீர் எடுக்க வேண்டியதில்லை.

புழு வெளியிடும் பொருள்களையே தேடும் பிறபொருளெதிரியாக்கிச் சோதனை, உயிருள்ள கட்டிகளைக் காட்டுவதால் சிகிச்சையின் பயனைக் கண்காணிக்க உதவுகிறது.

இந்தியாவில் எழும் சிக்கல்

இந்திய நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படுவது அழிந்துகொண்டிருக்கும் ஒற்றைக் கட்டியாகும். இவர்களில் பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ வெஸ்டர்ன் பிளாட் எதிர்முடிவையே தரக்கூடும். அதாவது, இங்கு அதிகம் தேவைப்படும் இடத்திலேயே சோதனை வலுவிழக்கிறது. முன்பு சி.டி. படத்தில் தெரிந்த இத்தகைய சிறு வளையங்கள் காசநோய்க் கட்டிகளாகக் கருதப்பட்டு, பலர் காசநோய் மருந்துகளை உட்கொண்டனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலியோர் அறுவையில் எடுத்த திசுக்களை ஆராய்ந்து, அவற்றுள் பெரும்பாலானவை நாடாப்புழுக் கட்டிகளே என 1991 இல் எழுதினர். 20 மில்லிமீட்டருக்குக் குறைவான ஒற்றை வளையம், மூளை அழுத்தம் கூடாமை போன்றவற்றைக் கொண்டு அறுவையின்றியே நோயை அறியும் வரையறைகளையும் அக்கல்லூரியினர் வகுத்தனர்.

வேலூர் மாவட்டத்தில் 50,000 க்கும் மேற்பட்டோரிடையே நடந்த கணக்கெடுப்பு 2006 இல் வெளியானது. வலிப்பு நோயுற்றோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்நோயே காரணமென சி.டி. படமும் குருதிச் சோதனையும் சேர்ந்து காட்டின.

முடிவைப் பொருள்கொள்ளல்

எதிர்முடிவு வந்ததால் நோயில்லை எனக் கூறவியலாது. நேர்முடிவும் தனித்து நின்று எதையும் உறுதிசெய்யாது. கட்டி அழிந்த பின்னரும் பிறபொருளெதிரிகள் நெடுநாள் குருதியில் இருக்கும். மூளையில் அல்லாது தசையில் கட்டி இருந்தாலும் நேர்முடிவு வரும். 2018 இல் வெளியான அமெரிக்க மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டுதல், மூளைப்படத்துடன் வெஸ்டர்ன் பிளாட்டை உறுதிப்படுத்தும் சோதனையாகப் பரிந்துரைத்து, தூய்மைப்படுத்தாத சாற்றைக் கொண்ட எலைசாவைத் தவிர்க்கச் சொல்கிறது.